டெலவர் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து

பென்சேலம், பென்சில்வேனியா
31 அக்டோபர் 2024, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். இன்று தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இதைத் தம்பிக்கு அனுப்புகிறேன். நீங்கள் போனில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவனைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை நடக்கும் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அங்கே கட்சிக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாத்தா ஊர், கோயில் கல்வெட்டில் அவர் பெயர் வேறு இருக்கிறது, பேசாமல் இருப்பார்களா? யார் ஜெயிப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, கணிப்புகள் எல்லாம் சரிக்குச் சரி என்கின்றன. ஆனால் கட்சிகள் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஓட்டுச்சாவடியில் பிரிசைடிங் ஆபீசராக உட்கார்ந்தவர் நீங்கள், உங்களுக்குத்தான் இதை விளக்கமாக எழுத வேண்டும்.

முதலில் ஓட்டர் லிஸ்ட். இங்கே பெயர் பதியும்போதே எந்தக் கட்சி என்று ஒரு கேள்வி இருக்கிறது அப்பா. அரசாங்கப் படிவத்திலேயே! குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, வேறு கட்சி, எதுவும் இல்லை என்று கட்டங்கள். கட்சியைக் குறித்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், இந்த மாநிலத்தின் சட்டம் அப்படி. போன வருஷம் எனக்குக் குடியுரிமை கிடைத்ததும் 'எதுவும் இல்லை' என்று குறித்தேன். மாப்பிள்ளை ஒரு கட்சியைக் குறித்தார். அதன் பலன் இப்போது தபால் பெட்டியில் தெரிகிறது. அவர் பெயருக்கு எப்போதாவது ஒன்று வருகிறது. என் பெயருக்குத் தினமும் வழவழப் பிரசார அட்டைகள், இரண்டு பக்கமிருந்தும்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம். ஆனால் போன தேர்தலில் போட்டோமா இல்லையா, அதற்கு முந்தைய தேர்தலில் போட்டோமா என்பதெல்லாம் அந்த லிஸ்டிலேயே இருக்கிறது, கட்சிகள் அதை வாங்கிக்கொள்ளலாம். அதோடு வயது, முகவரி எல்லாம் சேர்த்து, யார் வீட்டுக் கதவைத் தட்டலாம், யார் வீட்டைத் தாண்டிப் போகலாம் என்று தீர்மானித்து ஆளை அனுப்புகிறார்கள்.

போன சனிக்கிழமை நியூயார்க்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஓய்வுபெற்ற டீச்சராம், கமலா ஹாரிஸுக்காக. அவர் மாநிலத்தில் பிரசார வேலை இல்லை என்று பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறார்கள், ஒரு பஸ் நிறைய. கதவைத் திறந்தது மாப்பிள்ளைதான், ஆனால் அந்த அம்மா என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். கையில் போன், அதில் எங்கள் தெருவின் படம், வீட்டுக்கு வீடு புள்ளி. கட்சியைப் பற்றி அதிகம் பேசவில்லை. நேரில் போடப் போகிறாயா தபாலிலா, நேரில் என்றால் எத்தனை மணிக்கு, வேலைக்குப் போகும் முன்பா வந்த பிறகா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தபாலில் போடுவதென்றால் சீட்டை முதலில் உள்ளுறையில் போட வேண்டும், வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று சொன்னார். நீங்கள் தபால் ஓட்டுகளைப் பிரித்த கதை ஞாபகம் வந்தது. அவர் பேசிய பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன், நேரமில்லை என்று நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

குடியரசுக் கட்சி வேட்பாளர் டிரம்ப் தரப்பிலிருந்து வந்த பையன் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. எதிர்வீட்டுக்கு வந்தான். அங்கே கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் இருக்கிறான், இதுவரை ஓட்டே போட்டதில்லை. அவர்களுடைய கணக்கு அதுதான். வழக்கமாக ஓட்டுச்சாவடிப் பக்கமே வராத ஆண்களை வரவைத்தால் போதும் என்கிறார்கள். இந்த வேலையில் பெரும்பகுதியைக் கட்சியே செய்யாமல் வெளி அமைப்புகளிடம் விட்டிருக்கிறார்கள், ஈலான் மஸ்க் பணம் போட்டு நடத்தும் அமைப்பு அதில் பெரியது. வருகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. அதே அமைப்புதான் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்ட வாக்காளர்களில் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்துக் கோர்ட்டு வரை போயிருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஒரு புடவை கொடுத்தாலே வழக்குப் போடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இது வயிற்றைக் கலக்குகிறது. வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற வரம்பும் இங்கே கிடையாது, 1976-லேயே உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது.

சரி, ஏன் எங்கள் தெருவுக்கு இத்தனை மரியாதை? அதிபர் யார் என்பதை முடிவு செய்வது நாடு முழுக்க விழும் ஓட்டு அல்ல, மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் எலக்டோரல் ஓட்டு. அது மொத்தம் 538, 270 வாங்கியவர் அதிபர். ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தமும். பென்சில்வேனியாவுக்கு 19. இங்கே 2016-ல் டிரம்ப் சுமார் 44,000 ஓட்டில் ஜெயித்தார். 2020-ல் பைடன் சுமார் 80,000 ஓட்டில் ஜெயித்தார், பதிவானதோ ஏறத்தாழ 69 லட்சம். ஆகவே இரண்டு பேரும் இங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்று இப்படி இழுபறியான இன்னும் ஆறு மாநிலங்கள் உண்டு. எலக்டோரல் ஓட்டு தொகுதிவாரியாகவும் பிரியும் நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரத்தின் ஒரே ஒரு ஓட்டுக்காக டிரம்ப் தரப்பினர் சட்டத்தையே மாற்றப் பார்த்தார்கள், மாநில செனட்டர் ஒருவர் ஒத்துக்கொள்ளாததால் நின்றுபோனது. மற்ற இடங்களை எல்லாம் இரண்டு கட்சியும் முடிந்த கணக்காக விட்டுவிட்டன.

எங்கள் ஊருக்குக் கிழக்கே டெலவர் ஆறு, பாலத்தைத் தாண்டினால் நியூஜெர்சி. சித்தி மகள் எடிசனில் இருக்கிறாள். அவளும் என்னைப் போலவே வரி கட்டுகிறாள், நான் சமாளிக்கும் அதே விலைவாசியைத்தான் சமாளிக்கிறாள். இந்த வருஷம் அவள் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. நியூஜெர்சி 1992-லிருந்து ஜனநாயகக் கட்சி பக்கமே இருப்பதால் அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. கலிபோர்னியாவில் 2020-ல் டிரம்புக்கு 60 லட்சம் ஓட்டு விழுந்தது, டெக்சாஸில் அவருக்கு விழுந்ததைவிட அதிகம். அந்த 60 லட்சத்துக்கும் சேர்த்து ஒரு எலக்டோரல் ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. 2016-ல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார். ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதை நம்பி வளர்ந்த எனக்கு இது ஜீரணமாகவில்லை.

இந்த மாதம் எங்கள் பக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) நடந்ததைப் பாருங்கள். 16-ஆம் தேதி கமலா ஹாரிஸ் வாஷிங்டன் கிராசிங்குக்கு வந்தார், மேடையில் அவரோடு குடியரசுக் கட்சிக்காரர்கள். காரணம் இருக்கிறது. ஏப்ரலில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், போட்டியிலிருந்து விலகிவிட்ட நிக்கி ஹேலிக்கு இந்த மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. டிரம்ப் வேண்டாம் என்று சொன்ன சொந்தக் கட்சிக்காரர்கள் அவர்கள். அதில் பாதியைப் பிடித்தாலே போதும் என்பது ஹாரிஸ் தரப்பின் எண்ணம். நாலு நாள் கழித்து டிரம்ப் ஃபீஸ்டர்வில்லில் உள்ள மெக்டொனால்ட்ஸுக்கு வந்து ஏப்ரன் கட்டி உருளைக்கிழங்கு வறுவல் போட்டுக்கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து ரொம்பப் பக்கம். ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள், வெளியே அவ்வளவு கூட்டம்.

அப்புறம் போர்ட்டோ ரிக்கோ விஷயம், அங்கே பேப்பரில் வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் டிரம்ப் கூட்டத்தில் ஒரு நகைச்சுவைக்காரர் அந்தத் தீவை மிதக்கும் குப்பை என்று கேலி செய்தார். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. அதே ஆள் விமானம் ஏறி எங்கள் மாநிலத்துக்கு வந்து குடியேறிவிட்டால் ஓட்டு வந்துவிடும், அதுவும் நாட்டிலேயே எல்லோரும் துரத்தும் ஓட்டு! பென்சில்வேனியாவில் அவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல், வடக்கே ஆலன்டவுனில் நிறையப் பேர். செவ்வாய்க்கிழமை டிரம்ப் அங்கேயே போய்க் கூட்டம் போட்டார். அன்றைக்கே பைடன் பேசியது டிரம்ப் ஆதரவாளர்களைக் குப்பை என்பதுபோல் காதில் விழ, நேற்று டிரம்ப் குப்பை லாரியில் ஏறி உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். என்னோடு வேலை பார்க்கும் போர்ட்டோ ரிக்கோப் பெண் ஒருத்தி இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. "எங்கள் அம்மாவைச் சொன்னதுபோல் இருந்தது" என்றாள். கட்சிகள் இதை எத்தனை ஓட்டு நகரும் என்று பார்க்கின்றன. எனக்கு அவள் முகம்தான் பெரிதாகத் தெரிகிறது.

எதைப் பேசுவது என்பதும் இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. பிட்ஸ்பர்க்கின் யூ.எஸ். ஸ்டீல் கம்பெனியை ஜப்பான்காரர்களுக்கு விற்கக் கூடாது என்பதில் டிரம்பும் ஹாரிஸும் ஒரே குரல், இங்கே இரும்புத் தொழிலாளர் ஓட்டு இருக்கிறது. பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதைத் தடை செய்வேன் என்று 2019-ல் சொன்ன ஹாரிஸ் இப்போது செய்யமாட்டேன் என்கிறார், இந்த மாநிலத்தில் அந்தத் தொழில் பெரியது. ஆனால் கிரீன் கார்டுக்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கும் நம் ஆட்களைப் பற்றி இரண்டு பேரில் ஒருவரும் மேடையில் வாய் திறப்பதாகக் காணோம். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பது சட்டம், இந்தியர்கள் வரிசை எங்கேயோ போய் நிற்கிறது. இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் 21 வயதானதும் பெற்றோர் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு தெலுங்குக் குடும்பம், மகளுக்கு அடுத்த வருஷம் 21. அவள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்கிறார். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆகவே எந்தப் போனிலும் அந்த வீட்டுக்குப் புள்ளி இல்லை. நியூயார்க்கிலிருந்து வந்த அம்மாவிடம் எனக்கு முக்கியமான பிரச்சினை இதுதான் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். எங்கே போய்ச் சேருமோ தெரியாது, ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தபால் ஓட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2020-ல் டிரம்ப் அதை மோசடி மோசடி என்று திட்டித் தீர்த்தார், தோற்றதும் அதையே காரணம் காட்டினார். இந்தத் தடவை அவர் கட்சியே முன்கூட்டிப் போடுங்கள் என்று கெஞ்சுகிறது. தபால் சீட்டை அலுவலகத்துக்கே போய் வாங்கும் கடைசி நாள் முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் கவுண்டியில் நேரம் முடியும் முன்பே வரிசையை மூடிவிட்டார்கள் என்று டிரம்ப் தரப்பு வழக்குப் போட்டது, நேற்று நீதிபதி நாளை வரை நீட்டிக்கச் சொல்லிவிட்டார். நான் நேரில்தான் போடப் போகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை, தேர்தலன்று, லீவு கிடையாது, காலை 7 மணிக்கே திறப்பார்கள், முதல் ஆளாக நிற்கலாம் என்றிருக்கிறேன். மை வைக்கமாட்டார்கள், அதில்தான் கொஞ்சம் ஏமாற்றம். யாருக்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இங்கே வாக்குப்பதிவு முடியும்போது உங்களுக்கு 6-ஆம் தேதி காலை ஆறரை மணி. இந்த மாநிலத்தில் தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே கூடாது என்று சட்டம், போட்டி நெருக்கமாக இருந்தால் எண்ணி முடிக்க நாளாகும். போன தடவை செவ்வாய் நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது. அதனால் டிவி முன்னால் உட்கார்ந்து காபியையும் மாத்திரையையும் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற வழியில் கூப்பிடுகிறேன், உங்களுக்கு அப்போது மாலை ஆறரை இருக்கும். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்