அறை எடுத்துக்கொள், மகளே

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமல்லா மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்துவிட்டதென்று நீ நாப்லுஸிலிருந்து சொன்ன அன்றிரவே உன் உம்மா தெருமுழுக்க இனிப்பு கொடுத்தனுப்பிவிட்டாள். இங்கே பெத்லகேம் பக்கத்து அல்காதரில் நம் வீட்டிலிருந்தே நீ தினமும் போய்வர வேண்டும், பெண்பிள்ளை தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டாம் என்பது அவள் பிடிவாதம். தொலைபேசியில் நான் வேறு விதமாகப் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். ரமல்லாவில் அறை எடுத்துக்கொள்.

"உன் பாபா அத்தனை வருடம் தினமும் போய்வரவில்லையா?" என்று கேட்கிறாள். போய்வந்தேன். 2005ஆம் ஆண்டு முதல் 2023 அக்டோபர் வரை, பெத்லகேமின் 300ஆம் எண் சோதனைச் சாவடி வழியாக ஜெருசலேமுக்கு டைல்ஸ் பதிக்கப் போய்வந்தேன். அது எப்படிப்பட்ட போய்வருதல் என்பதை உங்கள் யாருக்கும் நான் விவரமாகச் சொன்னதில்லை.

ஏழு மணி வேலைக்கு மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன். நான் போய்ச் சேரும்போது ஹெப்ரோன் பக்கத்து ஆட்கள் எனக்கு முன்பே வந்து நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் முன்பே காபியும் எள் தூவிய கஅக் ரொட்டியும் விற்பவர்கள் வந்து விளக்கு மாட்டியிருப்பார்கள். இஸ்ரேல் எழுப்பிய எட்டு மீட்டர் மதிலை ஒட்டி, இருபுறமும் கம்பி அடைத்த நீண்ட நடைவழி. நெரிசல் முற்றினால் வாலிபர்கள் கம்பியைப் பிடித்து ஏறி, எங்கள் தலைகளுக்கு மேலாகவே நகர்ந்து முன்னால் இறங்குவார்கள். கிழவர்கள் திட்டுவார்கள். முப்பது வயதில் நானும் அப்படித் திட்டு வாங்கியவன்தான். முடிவில் சுழலும் இரும்புக் கதவு இருக்கும். அதை நாங்கள் மஆத்தா என்போம். கோழிக்கடையில் இறகு பிடுங்கும் பொறிக்கு உள்ள அதே பெயர். உள்ளே பத்துப் பேர் போனதும் கதவு பூட்டிக்கொள்ளும், பதினோராவது ஆள் பாதியில் சிக்கி நிற்பான்.

அதைக் கடந்து, பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படைவீரனிடம் அடையாள அட்டையையும் தஸ்ரீஹ் என்ற வேலை அனுமதிச் சீட்டையும் காட்டி, விரலை இயந்திரத்தில் வைக்க வேண்டும். என் விரல்கள் உனக்குத் தெரியுமே. சிறுமியாக இருந்தபோது தலை வாரிவிட்டால் முடி சிக்குகிறது என்று அழுவாய். சிமெண்டும் பசையும் ரேகையைத் தின்றுவிட்ட அந்த விரல்களை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது. நெற்றி வியர்வையில் தேய்த்து வைப்பேன். சட்டைப் பையில் சின்னக் குப்பியில் ஒலிவ எண்ணெய்கூட வைத்திருந்தேன். ஒரு குளிர்காலக் காலையில் எத்தனை முறை வைத்தும் சிவப்பு விளக்கே எரிந்தது. திரும்பிப் போ என்று கை காட்டினான். பின்னால் நெருக்கிக்கொண்டிருந்த கூட்டத்தை எதிர்த்து வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. அன்றைய கூலி போயிற்று. மறுநாள் என் இடத்தில் வேறு ஆள் பதித்துக்கொண்டிருந்தான். தஸ்ரீஹுக்கு ஒரு தரகனிடம் மாதம் 2,500 ஷெக்கல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

2019 வாக்கில் முகத்தைப் பார்த்தே திறக்கும் கதவுகளை வைத்தார்கள். மறைக்காமல் சொல்கிறேன், அதன்பின் பல நாள் கால் மணி நேரத்தில் கடந்திருக்கிறேன். வேகமாகத் திறந்த அந்தக் கதவுதான் 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் ஒன்றரை லட்சம் தொழிலாளிகளுக்கு ஒரேயடியாக மூடிக்கொண்டது. அன்று முதல் ஊருக்குள் குளியலறை ஒன்று, படிக்கட்டு ஒன்று என்று கிடைத்ததைப் பதித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வழிக்கு வருகிறேன். மேற்குக்கரைக்காரர்களுக்கான உன் பச்சை அடையாள அட்டைக்கு ஜெருசலேம் வழியாகப் போகும் நேர்ச்சாலை இல்லை. வாதி அன்னார் மலைச்சரிவில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் கண்டெய்னர் சாவடி. அதை மூடினால் மேற்குக்கரையின் தெற்கும் வடக்கும் வெட்டுண்டுவிடும். அதைத் தாண்டினால் ஜபஃ சாவடி. வழியிலுள்ள கிராமங்களின் வாசல்களிலோ நினைத்தபோது பூட்டும் மஞ்சள் இரும்புக் கதவுகள். சாவடி, கதவு, மண்மேடு எல்லாம் சேர்த்து 2025 தொடக்கத்தில் ஐ.நா. அலுவலகம் எண்ணிய தடைகள் 849. ஸர்வீஸ் வண்டியில் ஏறினால் பயணிகள் எல்லோரும் கைபேசியைப் பார்த்தபடிதான் வருவார்கள். கண்டெய்னர் 'ஸாலிக்'கா (வழி திறந்திருக்கிறதா), 'அஸ்மே'யா (நெரிசலா), 'முஸக்கர்' (மூடல்) ஆகிவிட்டதா என்று டெலிகிராம் குழுவில் யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். 'ஸாலிக்' என்று படித்துவிட்டு வளைவு திரும்புவதற்குள் வரிசை நின்றுபோவதும் உண்டு. ஒரு மணி நேரத்தில் போகிறவளும் உண்டு, அதே சாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பவளும் உண்டு. எந்த நாள் எது என்பது கிளம்பும்போது தெரியாது.

நான் தாமதமாய்ப் போனால் டைல்ஸ் காத்திருக்கும். உன் வேலை அப்படியல்ல. இரவு முழுக்க நின்ற இன்னொரு தாதி, நீ வந்து பொறுப்பேற்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது. அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கலாம், அவளும் ஒரு சாவடியைக் கடந்து போகிறவளாக இருக்கலாம். ஒரு வாரம் பொறுப்பாள், ஒரு மாதம் பொறுப்பாள். அதற்குமேல் மேலாளரிடம் எதைச் சொல்வாய்?

வாடகையைப் பற்றி நீ யோசிப்பாய் என்று தெரியும். நான் வேலையின்றி இருப்பதால் உன் சம்பளத்தில் முதல் பங்கு வீட்டுக்கு என்று கணக்குப் போட்டிருப்பாய். முதலில் வாடகையைக் கட்டு, பிறகு மிச்சத்தைப் பார்ப்போம். உம்மாவுக்கு இன்னொரு பயம், நீ சரியாகச் சாப்பிடமாட்டாய் என்று. ஒலிவ எண்ணெயும் ஸஅத்தர் பொடியும் கட்டிவைக்கத் தொடங்கிவிட்டாள், அதாவது பாதி சம்மதம் வந்துவிட்டது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓய்வு நாளுக்கு முந்தின மாலை கிளம்பி வா. இத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் உம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் அந்த மணியிலிருந்து வாசலில் நிற்பாள். கண்டெய்னரைக் கடந்ததும் ஒரு செய்தி அனுப்பு. அதைப் பார்த்த பிறகு நான் பாப் ஸுகாக் சந்திக்குக் கிளம்புகிறேன், அவள் அரிசியை அடுப்பில் ஏற்றட்டும்.

உன் பாபா