குட்டி வேண்டாம், ராணி இருக்கிறாள்

கோரிமேடு, சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சாரதா காலேஜில் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுப்பாயே, அதே சாய்ந்த எழுத்து. அப்பா போன பிறகு அம்மா சாயங்காலத்தில் டிவிகூடப் போடாமல் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

அம்மாவுக்குத் துணையாக ஒரு நாய்க்குட்டி கேட்டிருக்கிறாயே, அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் குட்டி தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதக் குட்டி ராத்திரியில் மூன்று தடவை எழுப்பும். முந்தானையைப் பிடித்து இழுக்கும், நடக்கும்போது காலுக்குள் புகும். 77 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு போனால் என்ன ஆகும்? அதோடு நாய் 12, 13 வருஷம் இருக்கும். உன் அம்மாவுக்கு நூறு வயசு இருக்கட்டும், ஆனாலும் கணக்குப் போட்டுத்தானே பார்க்க வேண்டும்? வேறொருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

அதற்கு முன்னால் நீ கேட்ட இன்னொன்று. "வளர்த்த நாயை வேண்டாம் என்று கொண்டுவந்து விடுகிறவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்கிறாயாமே, உனக்குக் கோபமே வராதா?" வரும், மல்லிகா. வயிறு எரியும். ஆனாலும் திட்டுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஏன் என்று இவரைத் தவிர யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை.

ஒரு குடும்பம் 8 வயது லாப்ரடார் ஒன்றை அழைத்துக்கொண்டு வந்தது. ராக்கி என்று பெயர். வீட்டுக்காரருக்குப் பெங்களூருக்கு மாற்றல், அங்கே பார்த்த வீட்டில் நாய் கூடாது என்கிறார்களாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 8 வருஷம் உங்கள் சோற்றைத் தின்றதே, பெற்ற பிள்ளையை இப்படி விடுவீர்களா என்று வாசலிலேயே நிற்கவைத்து அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ராக்கியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நல்ல பாடம் கற்பித்தோம் என்று அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆறாம் நாள், ஏற்காடு பஸ் ஓட்டும் பக்கத்துத் தெரு அண்ணன் வந்து சொன்னார். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெரிய சாதி நாய் ஒன்று நாலைந்து நாளாக உட்கார்ந்திருக்கிறது, வெள்ளைக் காரைக் கண்டால் மட்டும் எழுந்து நிற்கிறது என்றார். நானும் இவரும் அந்த நிமிஷமே கிளம்பினோம். அந்தப் பாதையில் 20 வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினோம். சுற்றுலா வருகிறவர்கள் குரங்குக்கு எறிகிற பொரியையும் சோளத்தையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பெல்ட் இல்லை. பெல்ட் இருந்த இடத்தில் முடி அழுந்திக் கோடு போட்டிருந்தது. "ராக்கி" என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்ததடி. யார் பேச்சால் அது அங்கே உட்கார நேர்ந்ததோ, அவளிடமே.

உடம்பெல்லாம் உண்ணி. நாலாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது, ஈறு வெளுத்துப்போயிருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற கிருமி ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்துவிடுமாம். 28 நாள் மாத்திரை கொடுத்தோம். பிழைத்தான். இரண்டு வருஷம் எங்களோடுதான் இருந்தான். போன மார்கழியில் என் மடியில்தான் போனான். வெள்ளைக் கார் தெருவில் திரும்பினால் கடைசி வரைக்கும் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

அந்தக் குடும்பம் என் வீட்டைத் தேடி வந்தபோது ஒரு நல்ல காரியம் செய்ய வந்தவர்கள்தான். அவர்களை மலைக்கு அனுப்பியது என் வாய். விலங்கைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் முதல் தடவை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைக்கும். அந்தத் தொகையைப் படித்த அன்று இதற்குத்தானா ஒரு உயிர் என்று எனக்கு மனசே ஆறவில்லை. அந்த 50 ரூபாய்க்குப் பயந்து யாரும் நாயை என்னிடம் கொண்டுவரப் போவதில்லை. கேவலப்படுத்த மாட்டாள் என்ற நம்பிக்கை இருந்தால் வருவார்கள். அதனால் காபி. காபியோடு கேள்வியும் உண்டு: என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், யாரைக் கடித்திருக்கிறது, ஊசி எப்போது போட்டது. சங்கடப்பட்டு நிற்கிறவர்கள் பொய் சொல்வார்கள், உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள் உண்மையைச் சொல்வார்கள். அந்த உண்மைதான் அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடியிலிருந்து காப்பாற்றுகிறது.

போன வருஷம் வந்த ஹஸ்கி அப்படித்தான். பனிநாட்டு நாய்க்கு இரட்டை ரோமம். மூன்றாம் மாடி பால்கனியில், சேலத்துச் சித்திரை வெயிலில் கட்டியிருக்கிறார்கள். பாவம் சூடு தாங்காது என்று மொட்டையும் அடித்துவிட்டார்கள். மேல்ரோமம்தான் வெயில் தோலில் படாமல் காக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் கடிக்கும் என்று அந்த வீட்டுப் பாட்டிதான் மெல்லச் சொன்னார். சொல்லியும் ஒரு தடவை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. 15 நிமிஷம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முன்னாலேயே முழுசாக ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அவ்வளவுதான்.

அதைத் தேற்ற 7 மாதம் ஆனது. முதல் மூன்று வாரம் தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தேன், அவ்வளவுதான் வைத்தியம். நடுநடுவே வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைப் பின்னால் போடுவேன். தட்டுக்குப் பக்கத்தில் வருகிற கை எடுக்க வரவில்லை, போட வருகிறது என்று அதற்குப் புரிய வேண்டும். ஒருநாள் மூக்கை என் தோளில் வைத்தது. இப்போது ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், நம் ஊர் வெக்கை அங்கே இல்லை. கொடுத்துவிட்டு இறங்கும்போது அடிவாரம் வரைக்கும் அழுதேன். வளர்த்துவிட்டு எப்படிக் கொடுக்க மனசு வருகிறது என்று நீ எப்போதும் கேட்பாய். ஆறுக்கு மேல் வைத்துக்கொண்டால் ஒன்றைக்கூடச் சரியாகக் கவனிக்க முடியாது. ஒன்று போனால்தான் கேட்டுக்கு வெளியே நிற்கிற அடுத்ததை உள்ளே விட முடியும்.

எல்லாம் இப்படி முடிந்ததில்லை. ஒரு வைகாசியில் மாம்பழ அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்தும் பெட்டை. நம் ஊரில் பெட்டைக்குட்டி என்றால் யாரும் எடுப்பதில்லையே. மூன்றாம் நாள் ஒன்று வாந்தி எடுத்தது, அப்புறம் ரத்தபேதி. பார்வோ என்ற தொற்றுநோய். ட்ரிப்ஸ் ஏற்றியும் இரண்டுதான் மிஞ்சின. அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷம்கூட இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொல்லையில் சிமெண்ட் தரை போட்டு ஒரு கொட்டகை கட்டினோம். புதிதாக வருவது எதுவானாலும் அங்கே 14 நாள் தனியாக இருக்கும். அதற்குத் தனிச் செருப்பு, தனித் தட்டு. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன். என் முழங்கால் வலிக்கு இதுவும் ஒரு காரணம் என்று இவர் சொல்கிறார். இருக்கட்டும். மிஞ்சிய இரண்டுக்கும் கருத்தடை செய்து, ஒரே வீட்டில் அக்கா தங்கையாகக் கொடுத்தேன்.

இனி ராணி. நாட்டு நாய்தான், செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். 6 வயது. சூரமங்கலம் பக்கம் ஒரு பெரியவர் தனியாக இருந்து வளர்த்தது. அவர் இறந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகள் காரியம் முடித்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இவள் 11 நாள் கேட்டடியிலேயே படுத்திருந்தாள். எதிர்வீட்டு அக்காதான் தண்ணீர் வைத்து, பிள்ளைகளிடம் போனில் சம்மதம் வாங்கி, ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். இங்கே வந்து நாலு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் இவர் கைத்தடியோடு கொல்லைக்கு வந்ததும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவர் ஒரு அடி வைத்தால் இவளும் ஒரு அடி, நின்றால் நிற்கிறாள். கைத்தடிக்காரரோடு எப்படி நடக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் பழக்கியிருக்கிறார், இல்லை இவளே பழகிக்கொண்டிருக்கிறாள். காலுக்குள் வரவே மாட்டாள், எப்போதும் இடது பக்கம் ஒரு முழம் தள்ளித்தான்.

உடனே ஆமாம் என்று சொல்லாதே. அம்மாவிடம் நேராகக் கேள். நீயாக முடிவு செய்துவிட்டு ஒரு நாயைத் தலையில் கட்டிவிடாதே. பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் ராணி எங்கே இருப்பாள்? ஆத்தூர் வீட்டு மாடியில் குடியிருக்கிறவர்களுக்குச் சம்மதமா? வருஷா வருஷம் ரேபிஸ் ஊசிக்கு யார் அழைத்துப்போவார்கள்? சங்கிலியில் கட்டிவைப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். எப்போது சரிவரவில்லை என்றாலும் என்னிடம்தான் திரும்ப வர வேண்டும், வேறு கைக்குப் போகக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தால் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், காபிதான் தருவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் இழுத்தடிக்காதே, கார் வைத்துக்கொள். இரண்டு மணி நேரமாவது இருங்கள், அம்மா கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரட்டும். ராணியைக் கூப்பிடவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். அவளாக வந்தால் வரட்டும். மத்தியானத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு செய்கிறேன், உனக்குப் பிடித்த மாங்காய் ஊறுகாயும் இருக்கிறது.

வரும்போது அம்மா உடுத்திய பழைய நூல்சேலை ஒன்று கொண்டு வா, துவைக்காமல். போகும்போது அதை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாரம் ராணி அதன்மேல் படுக்கட்டும்.

அன்புடன்,
விஜயா