பச்சைச் சட்னிக்கு முந்திரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு சமையல் பகுதியில் வறுத்த மீனுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பச்சைச் சட்னி வந்திருந்தது. அதில் முந்திரி 10, இல்லையென்றால் நிலக்கடலை ஒரு கைப்பிடி என்று போட்டு, 'ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம்' என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரி போதாது. வெறுமனே தவிர்த்தால் தண்ணீர் தனி, தழை தனியாகப் பிரிந்து நிற்கும், மீனில் ஒட்டாது.

முந்திரி செய்கிற வேலை இரண்டுதான். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கெட்டி கொடுக்கிறது. கொழுப்பால் காரத்தையும் புளிப்பையும் அடக்குகிறது. முதல் வேலைக்குப் பொரிகடலை போதும், இரண்டாவதற்கு எண்ணெய்.

நாலு பேருக்கு: மல்லித்தழை இளந்தண்டோடு 100 கிராம், புதினா இலை மட்டும் 30 கிராம், பச்சை மிளகாய் 3, பூண்டு 2 பல், இஞ்சி அரை அங்குலம், பொரிகடலை 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, அரை எலுமிச்சை, உப்பு முக்கால் தேக்கரண்டி. நம்மூர் முண்டு வற்றலை இதில் போட வேண்டாம். சிவப்பும் பச்சையும் கலந்தால் சட்னி சேற்று நிறத்துக்குப் போய்விடும். அதன் இடம் குழம்பு.

தழையை அகலப் பாத்திரத்தில் முக்கி, கையால் அள்ளி எடுக்கவேண்டும். தண்ணீரோடு சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மணல் திரும்பவும் தழை மேலேயே விழும். அலசியதும் துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் அரைப்பதற்குக் காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோதான். அதையும் பிரிட்ஜில் குளிரவைத்தது.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைப்பதில்தான் பலருக்கும் கெட்டுப்போகிறது. கடலை மசிவதற்குள் ஜார் சூடாகித் தழை கறுத்துவிடும். முதலில் பொரிகடலையைத் தனியாகப் பொடித்துக்கொண்டு, பூண்டு, இஞ்சி, மிளகாய், உப்பு சேர்த்து ஒரு சுற்று. பிறகு தழையும் 3 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரும். மிக்ஸியை விட்டு விட்டு ஐந்தாறு முறை ஓட்டினால் போதும். எண்ணெயைக் கடைசியில் கரண்டி கரண்டியாக விடவேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கெட்டியாக வழிய வேண்டும், ஓரத்தில் பச்சைத் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் இன்னும் அரைக் கரண்டி பொரிகடலைப்பொடி. பொரிகடலை ஊறி இழுத்துக்கொள்ளும் என்பதால் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகு சேர்ப்பது நல்லது. புதினாத் தண்டு ஒன்றிரண்டு விழுந்தாலும் கசக்கும்.

எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். முன்பே பிழிந்தால் புளிப்பு பச்சையத்தைக் கெடுத்துப் பழுப்பாக்கும். நாளைக்கும் வேண்டும் என்றால், தழையைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் நிறம் நிற்கும். வாசனை கொஞ்சம் போகும். அன்றே தின்பதற்குப் பச்சையாக அரைத்ததுதான் ருசி. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த சட்னியை வெளியில் வைக்கக் கூடாது. பிரிட்ஜில் மூன்று நாள். மிச்சத்தை ஐஸ் தட்டில் உறையவையுங்கள்.

இனி, செய்முறையைவிட முக்கியமானது. நிலக்கடலை சேர்க்காத சட்னியிலும் நிலக்கடலை வந்துவிடும். மளிகைக் கடையில் பொரிகடலை மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில், அள்ளுவது ஒரே கரண்டியில். ஆகவே சில்லறையில் வாங்காமல், பொட்டலத்தில் உள்ளதை எழுத்தைப் படித்து வாங்குங்கள். 2020ஆம் ஆண்டின் உணவுப் பொட்டலக் குறியீட்டு விதிகள்படி நிலக்கடலை, முந்திரி போன்றவை சேர்ந்திருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று பொட்டலத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும். எள்ளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் நல்லெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி ரீபைண்டு எண்ணெய் சேர்க்கலாம். செக்கு எண்ணெய் வேண்டாம். ஒரே செக்கில் நிலக்கடலையும் எள்ளும் மாறி மாறி ஆட்டுகிற இடங்கள் உண்டு.

மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் பழைய நிலக்கடலைச் சட்னி ஒட்டியிருக்கும். வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். முடிந்தால் தனி ஜார். நிலக்கடலை அரைத்த அம்மி கூடவே கூடாது, கல்லில் கொத்திய குழிகளில் தங்கியதை எடுக்க முடியாது. வறுத்தால் ஒவ்வாமை போய்விடும் என்று சொல்வார்கள், போகாது. உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பொரிகடலை என்பது கொண்டைக்கடலையை வறுத்துத் தோல் நீக்கியது. அதுவும் நிலக்கடலையும் ஒரே அவரைக் குடும்பம்தான். கொண்டைக்கடலையும் சேராதவர்கள், பூசணி விதையோ குருமாவுக்குப் போடும் வெள்ளரி விதையோ அதே அளவு எடுத்து, சிறு தீயில் நாலு நிமிடம் வறுத்து ஆறியதும் பொடிக்கலாம். தேங்காய் பெரும்பாலானோருக்குச் சேரும். சேருமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் போட்டது நம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பது வேறு விஷயம்.

பெஸ்டோ என்ற இத்தாலியப் பச்சைச் சட்னியைப் பாட்டிலில் வாங்குவோருக்கும் ஒன்று. இத்தாலியின் ஜெனோவா ஊர்ப் பெஸ்டோவில் பைன் விதை சேரும். கடைப் பாட்டில்கள் பலவற்றில் அதற்குப் பதில் முந்திரி. பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில் அதே மாதிரி அரைக்கும் பிஸ்தூவில் பருப்பே கிடையாது. திருநீற்றுப்பச்சிலை, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய் இருந்தால் அதை வீட்டிலேயே அரைக்கலாம். துளசி போட்டால் கிராம்பு வாடை தூக்கும்.

இனி வெளியிடும் செய்முறைகளில் தலைப்புக்குக் கீழேயே 'நிலக்கடலை உண்டு', 'முந்திரி உண்டு' என்று அச்சிட்டு, மாற்றுப் பொருளை அளவோடு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.