பிரியதத்தமும் குவாண்டமும்

திருச்சி,
தவக்காலம், நான்காம் வெள்ளி

அன்புள்ள அருளப்பா,

கிறிஸ்துமஸுக்கு நீ படத்தோடு அனுப்பிய அட்டை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பதில் போடாததற்கு என்ன திட்டுவாயோ, திட்டிக்கொள். சேவியர் உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பாதியைக் கழித்துவிடு, பலாப்பழ விவகாரத்தில் கழித்ததைப் போல. மீதிப் பாதி உண்மை. நவம்பர் கடைசியில் ஸ்டெல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் இரத்தம் உறைந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்தன. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கை திரும்பவில்லை. பேச்சு போய்விட்டது. போய்விட்டது என்று எழுதுவதும் சரியில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? குருமடத்துப் பையன்களை இன்னும் தத்துவ வகுப்பில் தூங்கவைக்கிறாயா, இல்லை உனக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்களா?

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் பங்கில் தவக்காலத் தியானம் நடந்தது. பிரசங்கம் செய்ய வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். குருவானவர் அல்ல, பொதுநிலையினர். பெயர் வேண்டாம். நல்ல குரல், கேட்பவரை அழவைக்கத் தெரிந்தவர். இரண்டாம் நாள், எலெக்ட்ரான்களை இரண்டு பிளவுகளின் வழியே அனுப்பிப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையை எடுத்துவிட்டார். பின்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 34 வருடம் கரும்பலகையில் நான் வரைந்த அதே படம், பலிபீடத்துக்குப் பக்கத்தில், திரையில்! எலெக்ட்ரான் பார்க்கப்படாதபோது அலை, பார்த்தால் துகள். ஆகவே பொருளை உண்டாக்குவது மனித உணர்வு. ஆகவே விசுவாசத்தோடு பார்த்தால் புற்றுநோய்க் கட்டியும் கரையும். அந்த இரண்டு ‘ஆகவே’களுக்கும் நடுவில் காவிரியே ஓடலாம்.

பக்கத்து வீட்டு அம்மா நல்லெண்ணத்தில் அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். ஸ்டெல்லாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதில் எனக்கு மனக்குறை இல்லை, யார் ஜெபித்தாலும் இப்போது வேண்டும் என்றுதான் இருக்கிறேன். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: “சார், நீங்கள் இன்னும் அவரை நோயாளியாகவே பார்க்கிறீர்கள். உங்கள் பார்வை மாறினால் அந்தக் கை அசையும். இதை நான் சொல்லவில்லை, உங்கள் இயற்பியலே சொல்கிறது.”

விடைத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். அன்றைக்கு “போய் வாருங்கள்” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீதான் தப்பிக்க முடியாதவன்.

வியன்னாவில் ஒரு குழு 1999இல் 60 கார்பன் அணுக்கள் பந்துபோலச் சேர்ந்த மூலக்கூறைக் கம்பிச் சட்டம் போன்ற நுண்தடுப்பின் வழியே அனுப்பி, அதுவும் அலையாக நடந்துகொள்வதைக் காட்டியது. 2004இல் அதன் அண்ணனை, 70 அணுப் பந்தை, லேசரால் சூடேற்றி அனுப்பிப் பார்த்தார்கள். சூடு ஏற ஏறப் பந்துகள் தாமாகவே ஒளியை உமிழ்ந்தன. அலைக்கு அடையாளமான பட்டைகள் மங்கி மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை, பிடித்துவைக்கவும் இல்லை. பந்து எந்த வழியாகப் போயிற்று என்ற சேதி வெளியே கசிந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கண்கூட வேண்டியிருக்கவில்லை, விசுவாசம் எங்கே வந்தது?

அந்த ஆளை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பின்னால் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய விக்னரே 1961இல், அளவீட்டை முடித்துவைப்பது உணர்வுதான் என்று எழுதினார். சுற்றுச்சூழலே அலையைக் கலைத்துவிடும் என்று ட்ஸே என்ற இயற்பியலாளர் எழுதிய பிறகு அந்தக் கருத்திலிருந்து விலகினார். விலகியதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. பென்ரோஸ் என்ற இயற்பியலாளரும் ஹேமராஃப் என்ற மயக்க மருத்துவரும் நரம்பணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நடக்கிறது, உணர்வு அங்கேதான் பிறக்கிறது என்றார்கள். மூளையின் சூட்டிலும் ஈரத்திலும் அந்த நிலை ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நிற்காது என்று டெக்மார்க் என்ற இயற்பியலாளர் 2000இல் கணக்குப் போட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தால் எப்படி?

இவ்வளவு பேசுகிறேனே, அன்றிரவு நான் என்ன செய்தேன் தெரியுமா?

மணி இரண்டு இருக்கும். ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு விளக்கின் வெளிச்சத்தில் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அசைவதாகப் பார்த்தேன். விரல்கள் மடங்குவதாக, பூத் தொடுப்பதாக, என் சட்டைக்குப் பொத்தான் தைப்பதாகப் பார்த்தேன். ஒருமுறை அசைந்தது போலவும் இருந்தது. மின்விசிறிக் காற்றில் போர்வைதான் ஆடியிருக்கிறது. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கை அப்படியே கிடந்தது. அப்போது என் மனத்தில் முதலில் வந்த எண்ணம், “என் பார்வை போதவில்லை” என்பதுதான். அருளப்பா, நான் இயற்பியல் வாத்தியார்! எனக்கே அந்த முள் தைத்தது என்றால், மூன்றாம் வரிசையில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே ஒரு பெண், அவள் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பாள்? நோயும் அவளுக்கு, குணமாகாத குற்றமும் அவளுக்கா?

நீ வரும்போது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வைத்திருந்தேன், கடிதத்திலேயே வந்துவிட்டது. மாந்திரீகம் செய்தது பாவமா, அது பலிக்கவில்லை என்று என்னையே நொந்துகொண்டது பாவமா? நீயே தீர்மானித்து அபராதம் போடு.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு சொற்கள், அவையும் இடம் மாறி வரும். தண்ணீர் வேண்டும் என்றால் “சாவி” என்பாள். சாவியைக் காட்டினால் “திங்கட்கிழமை.” தவறு என்று அவளுக்கே தெரியும், இடது கையால் தலையில் அடித்துக்கொள்வாள். ஜனவரியில் ஒரு மாலை நான் என் பாட்டுக்கு ஜெபமாலையைத் தொடங்கினேன். “அருள் நிறைந்த மரியே” என்று வாயெடுத்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே...” ஒரு சொல் தடுமாறவில்லை. “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று போய் “மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்” வரை சொல்லி முடித்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமான இந்த 41 வருடத்தில் அதே ஜெபத்தின் பழைய வடிவமான அந்தப் பிரியதத்த மந்திரத்தை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது வடக்கன்குளத்து ஆச்சி அவளைத் தொட்டிலில் போட்டுச் சொன்னது.

மறுநாளே மருத்துவரிடம் ஓடினேன். அவர் சற்றும் ஆச்சரியப்படவில்லை. இடது மூளை அடிபட்டுப் பேச்சிழந்தவர்களிடம் எண்ணுவதும், பாட்டும், வசவும், ஜெபமும் தங்கிவிடுவது உண்டாம். தானாக வரும் பேச்சு என்றார். ப்ரோக்கா என்ற மருத்துவர் 1861இல் பாரிஸில் விவரித்த நோயாளியிடம் ‘டான்’ என்ற ஓர் ஒலிதான் மிஞ்சியிருந்தது, கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவும் வருமாம். பரவாயில்லை, எனக்கு ஜெபம் கிடைத்தது. நடுவில் நிறுத்தினால் ஸ்டெல்லாவால் தொடர முடியாது, முதலிலிருந்துதான் தொடங்குவார் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து நிறுத்திப் பார்த்தேன் (விஞ்ஞானி புத்தி போகுமா?). அவர் சொன்னது சரி.

ஆனால் போன வாரம் நான் ஜெபமாலையில் எண்ணிக்கை தவறி, பத்து மணி உருட்டவேண்டிய இடத்தில் ஒன்பதாவது மணியிலேயே “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்று தாவிவிட்டேன். இடது கையால் என் முழங்காலில் ஓர் அடி. பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் ஒன்று பாக்கி. பேச்சு தானாக வருகிறது என்றால் கணக்கை யார் வைத்துக்கொண்டிருந்தது?

மகள் வந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமை கரூர் பஸ் ஏறித் தண்ணீர்ப்பள்ளியில் இறங்கினேன். அங்கிருக்கும் சாந்திவன ஆசிரமத்துக்கு நாம் சைக்கிளில் போனதும், உன் செயின் அறுந்து நான் உன்னை டபுள்ஸ் அடித்ததும் நினைவிருக்கிறதா? அன்றைக்குக் காவி உடுத்திய பீட் கிரிஃபித்ஸ் சாமியாரைத் தூரத்தில் பார்த்துவிட்டு, நீ திரும்பும் வழி முழுவதும் வாயே திறக்கவில்லை. நான் பசி என்று நினைத்தேன். அடுத்த வருடம் குருமடத்துக்குப் போய்விட்டாய்.

அவர் கல்லறை முன்னால் உட்கார்ந்து அவரோடு சண்டை போட்டேன். 1989இல் வந்த நூலில் அவர் இயற்பியலாளர்கள் காப்ராவையும் டேவிட் போமையும் கூட்டிவந்து வேதத்தோடு ஒரே பந்தியில் உட்காரவைக்கிறார். காப்ரா 1975இல் எழுதிய புத்தகம் பூட்ஸ்ட்ராப் கோட்பாட்டில் சாய்ந்திருந்தது: அடிப்படைத் துகள் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் எல்லாவற்றையும் உண்டாக்குகின்றன. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1974 நவம்பரிலேயே ஒரு புதுத் துகள் அகப்பட்டு, குவார்க் என்ற அடிப்படைத் துகள்கள் உண்டு என்ற கட்சியின் கை ஓங்கிவிட்டது. புத்தகம் கடைக்கு வருவதற்குள் இயற்பியல் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. போல்கிங்ஹார்ன் அந்தக் கோட்பாட்டோடு உறவுள்ள துறையிலேயே உழைத்து 1966இல் பாடநூல் எழுதியவர்களில் ஒருவர். 1979இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுக் குருத்துவப் படிப்புக்குப் போய், 1982இல் ஆங்கிலிக்கன் குருவானார். குவாண்டத்தை வைத்து ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள் என்று எச்சரித்தவரும் அவர்தான். அந்தக் கோட்பாடு எழுந்து அடங்கியதை உள்ளிருந்து பார்த்தவர் அல்லவா?

சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. 1990 ஜனவரியில் கிரிஃபித்ஸ் சாமியாருக்கும் பக்கவாதம்தான் வந்தது. தலையில் யாரோ அடித்தது போல இருந்தது என்றார். அன்னையிடம் உன்னை ஒப்படைத்துவிடு என்று உள்ளே தோன்றியதாம். ஒப்படைத்ததும் அன்பு அலை அலையாக வந்து தன்னை மூழ்கடித்தது, பகுத்தறிவு விழுந்துபோய் வேறொன்று திறந்தது என்றார். பிறகு மூன்று வருடம் இருந்தார். அந்த நேரத்தில் காப்ராவும் போமும் அவருக்குத் துணைக்கு வரவில்லை, ஆச்சி சொல்லிக்கொடுத்தது போன்ற ஏதோ ஒன்றுதான் வந்தது என்பது என் கட்சி. நீ மறுப்பாய், மறு. ஆனால் அவருக்குப் பேச்சு திரும்பியது, சொன்னார். ஸ்டெல்லாவுக்கும் அப்படி ஏதாவது நடந்ததா, இல்லை வெறும் இருட்டுத்தானா? யாரைக் கேட்பேன்? ஒரே கட்டிலின் மறுபக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவள் சொல்வது ஜெபமா, பழக்கமா? புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. நீயும் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே பூசைச் சொற்களைத்தான் சொல்கிறாய். பாதி நாள் காலைப் பலகாரத்தை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பாய். அந்த நாள்களை நீ எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாய்?

பாஸ்கா முடிந்ததும் புறப்பட்டு வா. மாடி அறையைப் பூட்டிவிட்டோம், கூடத்தில்தான் படுக்கை. நற்கருணை கொண்டுவர மறக்காதே, உன் மாத்திரைகளையும்.

உன் அட்டையிலிருந்த படத்தை நேற்று அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு “திருடன்” என்றாள். சாவி, திங்கட்கிழமை வரிசையில் வந்த சொல்லா, பலாப்பழத்தை நினைத்துச் சொன்னதா, எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். நீயே வந்து கேட்டுக்கொள்.

அன்புடன்,
தாமஸ்