முழங்கை இருக்கும் இடம்

கவுலூன், ஹாங்காங்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. என் மூட்டு வலி இப்போது பரவாயில்லை, படி இறங்கும்போதுதான் படுத்துகிறது. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதால் வீட்டில் கொஞ்சம் அமைதி.

பையனைக் குங்ஃபூ வகுப்பில் சேர்க்கலாம் என்று பார்த்தால், "பேர்தான் வேற வேற, எல்லாம் ஒரே கைவீச்சா இருக்கு" என்று எழுதியிருந்தாய். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே விங் சுன் என்கிற குங்ஃபூ பாணியைக் கற்கச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். சி சாவ் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒட்டும் கை என்று அர்த்தம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, முன்கையோடு முன்கையை ஒட்டி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் சிஃபூவுக்கு, அதாவது மாஸ்டருக்கு, எழுபது வயது. நான் பழைய கராத்தே புத்தியில், குத்துவதற்காகத் தோளை லேசாகப் பின்னால் இழுத்தேன். என் கை விலகிய அந்த இடைவெளியில் அவர் கை நேராக வந்து நெஞ்சில் நின்றது. அடிக்கவில்லை, சும்மா வைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து மார்புக்கு நேராக உள்ளே தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆறு மாதமும் அந்த முழங்கையோடுதான் மல்லுக்கட்டினார். "வந்தால் வாங்கிக்கொள், போனால் கூடவே போய் அனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய்" என்று இவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. அதை அவர் வாயால் கேட்டது ரொம்ப நாள் கழித்துத்தான். அதற்குள் என் நெஞ்சுக்கு அது மனப்பாடம்.

விங் சுன் என்றால் எனக்கு அந்த முழங்கைதான். உடம்பின் நடுக்கோட்டைக் காக்க வேண்டும், கைக்கெட்டும் நெருக்கத்தில் நிற்க வேண்டும், தடுப்பதும் அடிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். முழங்கை வெளியே போனால் இதில் ஒன்றும் நடக்காது. கட்டா என்றால் தனியாக வரிசையாகச் செய்கிற அசைவுக் கோவை; இதில் வெறுங்கைக் கட்டா மொத்தமே மூன்றுதான். முதலாவதான சிவு நிம் தாவில் ஓரடிகூட நகர்வதில்லை. தொடை இடுக்கில் ஆட்டைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி நின்று, கையை நத்தை வேகத்தில் நீட்ட வேண்டும். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.

விங் சுன் வழங்கும் அதே குவாங்டோங் மாகாணத்து இன்னொரு பாணியான ஹுங் கா வகுப்புக்குப் போனால் வேறு உலகம். தாழ்ந்து அகன்ற குதிரை நிலை, முன்கையில் இரும்பு வளையங்கள், புலி மாதிரிப் பற்றும் விரல்கள். வடக்கே ஹெனானில், சென் கிராமத்துத் தாய் சியில், பாதத்தில் பிறக்கிற விசை இடுப்பு வழியாக முறுக்கிக்கொண்டு கைக்கு ஏறும். மூன்றிலும் குத்து இருக்கிறது. ஆனால் அந்தக் குத்து உடம்பில் எங்கிருந்து கிளம்புகிறது, எதிராளி எவ்வளவு தள்ளி நிற்பான் என்று நினைத்துக் கிளம்புகிறது என்று பார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கட்டாவை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பாய். நாம் கராத்தேயில் மூச்சை முக்கி முக்கிச் செய்த சாஞ்சின் கட்டா ஞாபகம் இருக்கிறதா? அதன் வேர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில். கராத்தேயிலேயே கோஜு ரியு பாணியில் அதை முஷ்டி மடக்கிச் செய்கிறார்கள், உஎச்சி ரியுவில் கையை விரித்து. பேர் ஒன்றுதான், செய்கிற உடம்பு வேறு.

விங் சுன்காரர்கள் கையால் தட்டிப் பழகும் மரப்பொம்மையின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஃபோஷான் ஊரில் அதன் அடிக்கட்டையை மண்ணில் புதைத்து வைப்பார்கள். அந்த ஊர்க்காரரான விங் சுன் மாஸ்டர் இப் மான் ஹாங்காங் வந்து, 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மாடிக் கட்டடத்தில் எங்கே போய்க் குழி தோண்டுவது? பிற்பாடு இரண்டு குறுக்குச் சட்டத்தில் செருகிச் சுவரோடு மாட்டிவிட்டார்கள். இப்போது தட்டினால் பொம்மை கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பி வருகிறது. புதைத்த கட்டையில் அது கிடையாது. பரம்பரைச் சொத்தையே இப்படி மாற்றிவிட்டார்கள், ஆனாலும் அதன் முன்னால் நிற்கும்போது முழங்கை அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், பூர்வீகக் கதைகளில் மயங்கிவிடாதே. விங் சுன்னுக்கு ஒரு புத்த பிக்குணியைச் சொல்வார்கள். ஷாவோலின் மடத்துக் குங்ஃபூவுக்கு நம் ஆள் போதிதர்மரைச் சொல்வார்கள். அவர் பேரில் வந்த உடற்பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அவருக்கும் அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. கதை நன்றாகத்தான் இருக்கிறது, நானும் ரசிப்பேன். பையனுக்கு மாஸ்டர் தேட அது உதவாது.

நான் முதலில் போன ஓர் இடத்தில் இரண்டு வருடம் கட்டா, கட்டா, கட்டாதான். கை மேல் கை வைக்கவே விடவில்லை. பணமும் போச்சு, காலமும் போச்சு. அதனால் நீ ஒரு நாள் பையனைச் சேர்க்காமல் சும்மா ஓரமாக உட்கார்ந்து பார். மாஸ்டர் எதைத் திருத்துகிறார் என்று கவனி. பத்துப் பேரிடமும் ஒரே விஷயத்துக்காகத் திரும்பத் திரும்பப் போய் நின்றால், அது என்னவென்று எனக்கு எழுது. எந்தப் பாணி என்று நான் இங்கிருந்தே ஊகித்துப் பார்க்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மொட்டை மாடியைப் பெருக்கி வை. நீ தோளைப் பின்னால் இழுக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

உன் பழைய ரூம் மேட்