எங்கள் ஆய்வகத்துக்கு க்யூஎமு வந்து சேர உதவியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் எங்கள் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வகுப்பு மாணவர்கள், கையால் தொட முடியாத ஒரு பிசிஐ அட்டைக்கு (கணினிக்குள் செருகும் அட்டை வகை) டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எழுதி முடித்தார்கள். அதன் ஒரு ரெஜிஸ்டரில் (அட்டைக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) 5 என்று எழுதினால், சற்று நேரத்தில் அதே இடத்தில் அதன் ஃபாக்டோரியல் (1×2×3×4×5), 120 வந்து நிற்கும். கேட்டுக்கொண்டால், கணக்கு முடிந்ததும் செயலியைக் கூப்பிடும் சைகையான இன்டரப்டும் அனுப்பும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டிக்காட்டும் க்யூஎமுவின் மூலநிரலுக்குள் 'எஜு' என்ற பெயரில் ஒரே ஒரு சி கோப்பாக இருக்கிறது இந்த அட்டை. செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தின் கெர்னல் வகுப்புகளுக்காக யிரி ஸ்லாபி எழுதியது. தன் மாணவர்களுக்காகச் செய்ததை எல்லோருக்கும் பொதுவில் வைத்த அவருக்கு முதல் நன்றி.

டெபியன் லினக்ஸ் தரும் க்யூஎமு ஆயத்தப் பொதியிலும் இந்த அட்டை உண்டு. ஆனால் ஒவ்வொரு குழுவும் அதில் தனக்கென ஒரு ரெஜிஸ்டரைச் சேர்க்க வேண்டும் என்பது பாடத்தின் பாதி. அதற்கு மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதை (ஓடும் நிரலாகக் கட்டுவதை) தவிர வேறு வழியில்லை.

எங்கள் வளாக இணையத்தில் மூலநிரலைப் பகிரும் கருவியான கிட் வழியாக எதையும் இழுக்க முடியாது. நிலைமை தெரிந்த நண்பர், வெளியீட்டுப் பொதியைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். துணை நிரல்கள் அதற்குள்ளேயே இருப்பதால் இணையமில்லாத இடத்துக்கு அதுதான் தோது. பொதி அசல்தான் என்று காட்டும் கையொப்பக் கோப்பையும் கூடவே எடுத்து வந்தவர், சரிபார்த்து முடிக்கும்வரை பொதியைப் பிரிக்கவே விடவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது மாணவர்களிடம் அதே கறாரைக் காட்டுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவி, இரவு நேரங்களில் தொலைபேசியிலேயே வழிநடத்தினார். க்யூஎமுவை அப்படியே கட்டவிட்டால் ஆர்ம், மிப்ஸ், ஸ்பார்க் என்று தனக்குத் தெரிந்த எல்லாச் செயலிகளுக்கும் கட்டிக்கொண்டே போகும். கான்ஃபிகர் செய்யும்போதே 64 பிட் எக்ஸ்86 மட்டும் போதும் என்று சொல்லிவிடச் சொன்னார். பழைய கணினிகளுக்கு அது பெரிய நிம்மதி.

கட்டி முடித்து ஓட்டினால், 'யூசர்' நெட்வொர்க் இந்த பைனரியில் சேர்க்கப்படவில்லை என்று திரையில் ஒரு வரி. அந்த நெட்வொர்க்குக்குத் தேவையான ஸ்லர்ப் நூலகம், 7.2 வெளியீட்டிலிருந்து க்யூஎமுவோடு சேர்ந்து வருவதில்லை. அதன் டெவ் பொதியை (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் கொண்டது) தனியே நிறுவி, மறுபடி கான்ஃபிகர் செய்ய வேண்டும். இதை அந்த மாணவி ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பிழைச் செய்தியை எழுதிய, பெயர் தெரியாத நிரலாளருக்கும் என் நன்றி. என்ன இல்லை என்று நேராகச் சொல்லும் பிழைச் செய்தி எவ்வளவு அபூர்வம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனை எப்படி விடுவது? செயலியின் வன்பொருள் வசதியைக் கொண்டு க்யூஎமுவை வேகமாக ஓட்டும் லினக்ஸ் பகுதியான கேவிஎம் பல கணினிகளில் எழவே இல்லை. ஒவ்வொன்றாக பயாஸ் அமைப்புகளுக்குள் போய், அந்த வன்பொருள் வசதியான விடி-எக்ஸை இயக்கி, மாணவர் கணக்குகளைக் கேவிஎம் குழுவில் சேர்த்து, எந்த மேசை முடிந்தது என்று சாக்பீஸால் குறி போட்டவர் அவர். கேவிஎம் இல்லாமலும் க்யூஎமு ஓடும், நிரலை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து. ஆனால் லினக்ஸ் எழுந்து வருவதற்குள் வகுப்பு மணி அடித்துவிடும்.

2003இல் க்யூஎமுவைத் தொடங்கிய ஃபப்ரிஸ் பெல்லார்டுக்கும், 2007இல் லினக்ஸ் 2.6.20 கெர்னலில் சேர்ந்த கேவிஎம்மைத் தொடங்கிவைத்த அவி கிவிட்டிக்கும் இந்த மடல் போய்ச் சேரப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன். மூலநிரலை மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் க்யூஎமு இருப்பதால், எங்கள் பிள்ளைகள் மாற்றிய அட்டையின் நிரலையும் கேட்பவர்களுக்குத் தாராளமாகத் தரலாம். பென் டிரைவோடு வாருங்கள்.

அடுத்த பருவத்தில் ரிஸ்க்-வி என்ற இன்னொரு செயலி வகையின் பலகையையும் சேர்ப்பதாக இருக்கிறோம். பெங்களூர்த் தங்கச்சி தயவுசெய்து போனை எடுக்கவும்.