எங்கள் பாக்கெட்டில் ஏன் மருத்துவக் குணங்கள் அச்சடிப்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "காபி கல்லீரலுக்கு நல்லது, ஞாபகசக்திக்கு நல்லது என்று மற்றவர்கள் எல்லாம் பாக்கெட்டில் போடுகிறார்கள். நீங்கள் மட்டும் பெயரும் எடையும் போட்டு நிறுத்திக்கொள்கிறீர்களே?" என்று கல்லாவில் அடிக்கடி கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல லண்டன் வரை போய் வர வேண்டும். பொறுமை இருப்பவர்கள் கூடவே வாருங்கள்.

நம் தொழிலில் முன்னோடி என்று நாங்கள் மதிக்கும் ஒருவர், பாஸ்குவா ரோசே. துருக்கியோடு வணிகம் செய்த லெவன்ட் கம்பெனியைச் சேர்ந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய வணிகர் ஸ்மிர்னா துறைமுகத்தில் (இன்றைய இஸ்மிர்) இருந்தபோது அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். எட்வர்ட்ஸ் ஊர் திரும்பும்போது இவரையும் லண்டனுக்கு அழைத்துப் போனார். முதலாளிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை காபி இல்லாமல் முடியாது. அதைப் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர் ரோசே. வீட்டுக்கு வந்த நண்பர்களும் ருசி கண்டுகொண்டார்கள். கூட்டம் தாங்காமல்தான் எட்வர்ட்ஸ் அவருக்குத் தனியாகக் கடை வைத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1652-இல், கார்ன்ஹில் பகுதியில் செயின்ட் மைக்கேல் தேவாலய வளாகத்தில், ஒரு கொட்டகை. லண்டனின் முதல் காபிக் கடை அதுதான்.

கறுப்பாக, கசப்பாக, கொதிக்கக் கொதிக்க ஒரு பானம். வாங்க வேண்டியவர்களோ காலையிலேயே ஏல் என்ற பார்லி பீரைக் குடித்துப் பழகியவர்கள். விற்பவர் அயலூர்க்காரர். இந்த நிலையில் ரோசே ஒரு துண்டறிக்கை அச்சடித்தார். ஆங்கிலத்தில் காபிக்கு வந்த முதல் விளம்பரம் என்று அதைச் சொல்லலாம். அதில் இல்லாத நோயே இல்லை! செரிமானத்துக்கு நல்லது. கண் வலிக்கு நல்லது; கோப்பைக்கு மேல் தலையைக் குனிந்து ஆவி பிடித்தால் இன்னும் நல்லது. தலைவலி, இருமல், கீல்வாதம், நீர் கோத்த வீக்கம், ஸ்கர்வி என்ற ஈறு நோய் எல்லாம் போகும். கருச்சிதைவு நேராமல் காக்கும். துருக்கியர்கள் இதைக் குடிப்பதால்தான் அவர்கள் தோல் தெளிவாகவும் வெள்ளையாகவும் இருக்கிறதாம். (இந்தக் கடைசி வாக்குறுதி இன்றும் நன்றாக விற்கிறது, வேறு டப்பாவில்.) தாங்கக்கூடிய அளவுக்குச் சூடாகக் குடிக்க வேண்டும், வாயில் கொப்புளம் வராது என்றும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். காபியின் தன்மை குளிர்ச்சி என்கிறார் மனிதர். நம் பாட்டிகளிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார்கள்.

அவரைப் பொய்யர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உடலில் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று பிரித்து வைத்தியம் பார்த்த காலம் அது. யாரும் குடித்துப் பார்த்திராத ஒன்றை, யாருக்கும் தெரியாத ஒருவர் விற்க வேண்டுமென்றால் மருந்து என்று சொல்லித்தான் முதல் கோப்பையை நீட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயம் அவருக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை. உங்களில் பலர் பல் முளைப்பதற்கு முன்பே டிகாஷன் வாசனை பிடித்தவர்கள்.

ஆனால் கடை ஓடியது மருந்தால் அல்ல என்பது எங்கள் எண்ணம். கார்ன்ஹில், ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகச் சந்தைக் கட்டிடத்துக்கு அருகில் இருக்கிறது; அன்று வணிகர்கள் நாள் முழுக்கப் புழங்கிய இடம். துருக்கி வணிகத்தில் காபி பழகியவர்கள் அதில் நிறையப் பேர். மது இல்லாமல், தெளிந்த தலையோடு உட்கார்ந்து சரக்கு விலை பேச ஓர் இடம் கிடைத்தது. இடம் பார்த்துக் கடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வியாபாரம் சூடு பிடித்ததும் ஏல் விற்பவர்களுக்குப் பொறுக்கவில்லை. மேயரிடம் மனுப் போனது. காபி கெட்டது என்பதல்ல புகார். இவர் நகரத்தின் வணிக உரிமை பெற்றவர் அல்ல என்பதுதான். லண்டன் நகர எல்லைக்குள் சில்லறை வியாபாரம் செய்ய அந்த உரிமை வேண்டும். வழக்கமாக ஏழு வருடம் ஒரு உள்ளூர்க்காரரிடம் தொழில் பழகியோ, தந்தை வழியிலோ, பணம் கட்டியோ அதைப் பெற வேண்டும். ஸ்மிர்னாவிலிருந்து வந்தவருக்கு எங்கே கிடைக்கும்? எட்வர்ட்ஸின் மாமனார் ஹாட்ஜஸ், நகர நிர்வாகத்தில் ஆல்டர்மேன், அதாவது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர். அவர் ஒரு வழி கண்டார். தன் வண்டிக்காரர் கிறிஸ்டோபர் போமனுக்கு அந்த உரிமை இருந்ததால், அவரை ரோசேவுக்குப் பங்காளி ஆக்கினார். கைப்பக்குவம் ஒருவருடையது, உரிமம் இன்னொருவருடையது. இன்றைக்கும் எத்தனையோ ஊர்களில் இப்படித்தானே கடைகள் நடக்கின்றன?

அப்புறம் நடந்ததை ஜான் ஹூட்டன் என்பவர் பிற்பாடு எழுதி வைத்தார். ஏதோ தவறு செய்து ரோசே நாட்டை விட்டே போக நேர்ந்தது என்கிறார். வாடிக்கையாளர்கள் ஆறு பென்ஸ் மதிப்புள்ள காசுகள் ஆயிரம், அதாவது 25 பவுண்டு, திரட்டிக் கொடுக்க, போமன் கொட்டகையை வீடாக மாற்றிக்கொண்டார். அந்தக் காசு ரோசேவின் கைக்கு வந்திருக்கக் கூடாதா என்று எங்களுக்கு ஆதங்கம்தான். 1663-இல் லண்டன் நகரில் 82 காபிக் கடைகள் இருந்தன. 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீயில் ரோசேவின் கடை இருந்த இடமும் எரிந்துபோனது. இப்போது அங்கே ஜமைக்கா வைன் ஹவுஸ் இருக்கிறது. சுவரில் ரோசேவின் காபிக் கடையைச் சொல்லும் பலகையும், உள்ளே மதுவும். ஏல்காரர்கள் வென்றுவிட்டார்கள் போலும்.

சரி, நம் பாக்கெட்டுக்கு வருவோம். ரோசே எழுதியதில் ஒரு வரிக்கு மட்டும் நாங்களும் கையெழுத்துப் போடுவோம்: இரவு உணவுக்குப் பின் குடித்தால் மூன்று நான்கு மணி நேரம் தூக்கம் வராது. கர்ப்பிணிகளுக்கு அவர் சொன்னதை நம்ப வேண்டாம். இன்றைய மருத்துவர்கள் அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கல்லாவில் உட்காருபவருக்கு வறுக்கத்தான் தெரியும். இனி வறுத்த தேதியையும் சிக்கரி எத்தனை சதவீதம் என்பதையும் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் போடுகிறோம். சிக்கரியே வேண்டாம் என்பவர்கள் அரைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அரைத்த பின் பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் காபித்தூள் கடையினர்